‘கே’ என்ற எழுத்து கோலாலம்பூரில் பிறந்தது

செந்தூலில் எல்.ஆர்.டி. ஏறினால் அடுத்த நிலையம் தித்திவங்சா. அங்கிருந்து ஜாலான் பகாங் பக்கம்தான். கோலாலம்பூர் மருத்துவமனை அந்தச் சாலையில் இருக்கிறது. 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகமும் நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. நுண்ணுயிரியல் தேர்வுக்காகக் கண்விழிக்கும் மருத்துவ மாணவர்கள் உருப்போடும் ஓர் அட்டவணைக்கு, அந்தக் கழகம் ஓர் எழுத்தைக் கொடுத்திருக்கிறது.

அந்த அட்டவணை வெயில்–பெலிக்ஸ் சோதனைக்கு உரியது. முதல் உலகப் போர்க் காலத்தில் வந்த இந்தச் சோதனை சற்று விசித்திரமானது. டைபஸ் காய்ச்சலை உண்டாக்குபவை ரிக்கெட்சியா வகைக் கிருமிகள். சோதனையில் கலப்பதோ புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை. இரண்டின் மேற்பரப்பிலும் ஒத்த கூறுகள் இருப்பதால், டைபஸ் நோயாளியின் சீரம் பட்டதும் புரோட்டியஸ் திரண்டு கட்டியாகும். ஓஎக்ஸ்19 திரண்டால் பேன், தெள்ளுப்பூச்சி வழி வரும் டைபஸ். ஓஎக்ஸ்கே திரண்டால் ஸ்க்ரப் டைபஸ். மாணவர்கள் படிப்பது இவ்வளவுதான். அந்த ‘கே’ எங்கிருந்து வந்தது?

1920-களில் ஆய்வுக் கழகத்தின் வில்லியம் பிளெட்சர் மலாயாவின் டைபஸ் நோயாளிகளைக் கவனித்தபோது, அவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் பட்டணத்தில், கடைகளிலும் கிடங்குகளிலும் புழங்குபவர்கள். மற்றது செம்பனைத் தோட்டங்களிலும் புதர் மண்டிய நிலத்திலும் வேலை செய்பவர்கள். ஆய்வகத்திலும் இரண்டு புரோட்டியஸ் வளர்ப்புகள் இருந்தன: வார்சாவிலிருந்து வந்தது ஒன்று, கிங்ஸ்பரி என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது இன்னொன்று. கடைக்காரர்களின் சீரம் வார்சா வகையைத் திரட்டியது. தோட்டக்காரர்களின் சீரமோ கிங்ஸ்பரி வகையை மட்டுமே திரட்டியது. ஒரே பெயரில் இரண்டு நோய்கள்! ‘கடை டைபஸ்’, ‘புதர் டைபஸ்’ (அதாவது ஸ்க்ரப் டைபஸ்) என்று அவற்றுக்கு வெவ்வேறு பெயர்கள் வந்தன. ‘கே’ என்பது கிங்ஸ்பரியின் முதலெழுத்து.

காரணமும் அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. கடையில் எலி, எலியின் மேல் தெள்ளுப்பூச்சி. புதரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்துப் பொருக்குத் தட்டும். பெரும்பாலும் வலிக்காது, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று ஆடை மறைக்கும் இடங்களில் இருப்பதால் தேடினால்தான் அகப்படும்.

1948-இல் இதே கழகத்தில் இன்னொரு திருப்பம். ஜோசப் ஸ்மேடல் தலைமையிலான அமெரிக்கக் குழு, குளோராம்பெனிகால் என்ற புதிய மருந்தை ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல் விரைவில் தணிந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுத்தவர்களில் டைபாய்டு நோயாளியும் இருந்தது பின்னர் தெரியவந்தது. அவருக்கும் குணமாயிற்று. அதுவரை சரியான மருந்தே இல்லாத டைபாய்டுக்கு வழி பிறந்தது அப்படித்தான்.

இன்று வெயில்–பெலிக்ஸ் சோதனையின் மதிப்பு குறைந்துவிட்டது. நோய் இருந்தும் அது பல வேளைகளில் தவறவிட்டுவிடும். அதைவிட நம்பகமான சோதனைகள் வந்துவிட்டன. சிகிச்சைக்கு டாக்சிசைக்ளின் இருக்கிறது. நோய் மட்டும் போகவில்லை. வேலூர் வட்டாரத்தில் காரணம் தெரியாத காய்ச்சலோடு வருபவர்களிடம் மருத்துவர்கள் இன்றும் அந்தக் கருத்த பொருக்கைத் தேடுகிறார்கள்.

“செம்பனைத் தோட்டத் தொழிலாளி, வயது 35, பத்து நாளாகக் காய்ச்சல்...” என்று தேர்வுக் கேள்வி தொடங்கும். அவசரக்காரர் முதல் இரண்டு சொற்களைத் தாண்டி, இரத்தச் சோதனை எண்களுக்குப் போய்விடுவார். பிளெட்சருக்கு விடை கிடைத்ததோ அந்த இரண்டு சொற்களில்.