பாங்காக்கில் ஒரு சனியும் ஞாயிறும்

வேற்று நாட்டுப் பள்ளியில் ஓராண்டு படித்து, அந்நாட்டுக் குடும்பம் ஒன்றில் அவர்களுடைய பிள்ளையாகவே தங்கி வருவதை மாணவர் பரிமாற்றம் என்கிறோம். போர்க்களங்களில் காயமுற்றோரை வண்டிகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள், இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் 1947இல் பள்ளி மாணவர்களுக்காக இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கினார்கள். இப்படித் தாய்லாந்துக்குச் சென்று திரும்பிய நம் பள்ளியின் பழைய மாணவியான அக்கா ஒருவரிடம் பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றியதன்று, "சனி, ஞாயிறுகளில் எங்கே போனீர்கள், அக்கா?" என்பதுதான்! அவர் கூறியதோடு, நாங்கள் படித்தறிந்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

பாங்காக் நகரம் சாவ் பிரயா ஆற்றின் கரையில் உள்ளது. நம்மூரைப் போலவே வெயில், நம்மூரைப் போலவே வேர்வை. சாலையில் எப்போதும் வாகன நெரிசல். ஆகவே பலர் ஆற்றுப் படகில் ஏறிவிடுகிறார்கள். படகில் கட்டியுள்ள கொடியின் நிறத்தைப் பார்த்து, அது எந்தத் துறைகளில் நிற்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். புத்த பிக்குகளுக்கென்று தனி இடம் உண்டு. பெண்கள் பிக்குகளைத் தொடலாகாது. ஒரு பொருளைக் கொடுப்பதானாலும் நேரே கையில் கொடுப்பதில்லை.

சனிக்கிழமை காலை அரண்மனைக்குப் புறப்படுமுன், தங்கியிருந்த வீட்டின் தாயார் அக்காவின் உடையைத்தான் முதலில் பார்த்தாராம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். (நம் மதர் சுப்பீரியர் அங்கே காவலுக்கு நின்றாலும் வேறு சட்டம் வேண்டியிராது!) இந்த அரண்மனை 1782இல் முதலாம் இராமா என்னும் அரசரால் தொடங்கப்பட்டது. வளாகத்துக் கோயிலில் உள்ள மரகத புத்தர், பெயருக்குத்தான் மரகதம். உண்மையில் பச்சை நிற ஜேட் கல். உயரம் சுமார் 66 சென்டிமீட்டரே. வெயில், மழை, குளிர் என்ற மூன்று பருவத்துக்கும் மூன்று பொன்னாடைகள். அவற்றை மாற்றி அணிவிப்பவர் அரசரே. சுற்று மண்டபச் சுவரில் 178 ஓவியங்களாக இராமாயணம் விரிகிறது. அவர்கள் அதனை இராமகியன் என்கிறார்கள். நம் அனுமன் பிரமசாரி. அவர்களுடைய அனுமனோ காதல் மன்னன்! இதைக் கேட்டு எங்கள் வகுப்பே சிரித்தது.

பக்கத்திலுள்ள வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சாய்ந்திருக்கிறார். அவருடைய பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். அங்கே தரையில் அமர்வோர் தம் கால்களைப் பின்புறமாக மடித்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்து மக்களுக்குத் தலை மிக உயர்ந்தது, பாதம் மிகத் தாழ்ந்தது. செல்லமாகக்கூடப் பிறர் தலையைத் தொடக்கூடாது. யாரை நோக்கியும் காலை நீட்டக்கூடாது. பெரியவர்கள் எதிரில் காலை நீட்டாதே என்று நம் பாட்டி சொல்வதுதானே இதுவும்?

சற்றுத் தொலைவில், 1784இல் முதன்முதலாக நடப்பட்ட பெரிய ஊஞ்சலின் இரண்டு சிவப்புக் கம்பங்கள் நிற்கின்றன. பழைய மரம் நைந்துபோனதால் 2007இல் புதிய தேக்குக் கம்பங்கள் வைத்தார்கள். முன்னாளில் பிராமணர்கள் இதில் வானளாவ ஆடி, தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935இல் அந்த ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் திரியம்பவாய் என்னும் அந்த விழாவின் வழிபாடு அருகிலுள்ள பிராமணர் கோயிலில் இன்றும் நடக்கிறது. திருவெம்பாவை என்னும் பெயரே அவ்வாறு திரிந்தது. அப்பாடலின் அடிகளும், உச்சரிப்பு பெரிதும் மாறிப்போய், அங்கே ஓதப்படுகின்றன. கடல் கடந்த ஓர் ஊரில் நம் மார்கழிப் பாட்டு இத்தனை காலம் பிழைத்திருக்கிறதே! எங்களுக்கு அரண்மனையைவிட இதுவே வியப்பாக இருந்தது.

அக்காவுக்கோ மொழிதான் பெரும் துன்பம். தாய் மொழியில் ஐந்து தொனிகள். 'மா' என்பதை ஒரு தொனியில் சொன்னால் 'வா', இன்னொன்றில் குதிரை, மற்றொன்றில் நாய்! பள்ளியில் நாள் முழுவதும் வாய் திறவாமல் இருந்துவிட்டு, இரவில் தலையணையில் முகம் புதைத்து அழுதாராம். ஒன்றே ஒன்று ஆறுதல்: அங்கும் உறவு சொல்லித்தான் அழைக்கிறார்கள். தாய் 'மே', மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்'. வந்த மூன்றாம் நாளே அக்கா அந்த வீட்டுத் தாயாரை 'மே' என்று அழைத்துவிட்டார்.

ஞாயிறன்று காலை மே அவரைப் படகில் மேற்குக் கரைக்கு, சாந்தா குரூஸ் ஆலயத்திற்கு அழைத்துச் சென்றார். தாய்லாந்தில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மே புத்த சமயத்தவர். எனினும் திருப்பலி முடியும்வரை பின் இருக்கையில் அமைதியாக அமர்ந்திருந்தாராம். அது போர்த்துக்கீசியர் வழிவந்த குடும்பங்கள் வாழும் பகுதி. மாவும் சர்க்கரையும் வாத்து முட்டையும் சேர்த்து அவர்கள் சுடும் சிறு கேக்குகளுக்கு வெண்ணெய் வேண்டியதில்லை.

பிற்பகலில் சீலோம் சாலை. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் அங்கே எழுப்பிய மாரியம்மன் கோயிலை ஊரார் 'வாட் கேக்' என்பார்கள். இது தின்னும் கேக் அன்று! தாய் மொழியில் அச்சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள். இந்தியரையும் அப்படியே குறிப்பிடுகிறார்கள். தெருத் திரும்பியதும் நம்மூர்க் கோபுரமும், உள்ளிருந்து யாரோ தமிழில் பேசும் குரலும்! இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அக்காவுக்கு அங்கே நடைபாதையிலேயே பீறிட்டது. மே ஒன்றும் கேட்கவில்லை. பூக்கடைப் பலகையில் தாமும் பக்கத்தில் அமர்ந்து, அழுது முடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாட்டுசாக் சந்தைக்குப் போவோமா?" என்றார்.

சனி, ஞாயிறுகளில் களைகட்டும் அந்தச் சந்தையில் கடைகள் ஆயிரக்கணக்கில் உண்டு; வழி தவறாதவர் குறைவு. மாலை ஆறு மணிக்கு நாட்டுப்பண் ஒலித்ததும், விலை பேசியவர்களும் சில்லறை எண்ணியவர்களும் அப்படியே அசையாமல் நின்றார்கள். அக்காவும் நின்றார். பண் முடிந்ததும் மே விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்ந்து, பத்து பாட் குறைத்து, அக்காவுக்கு ஒரு பாவாடை வாங்கிக் கொடுத்தார். முழங்காலுக்குக் கீழே நன்றாக இறங்கும் பாவாடைதான்!