டவுன் கார்: டி மாடலின் வேறொரு கணக்கு

ஃபோர்டின் டி மாடல் என்றாலே திறந்த பாடியும் மலிவு விலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1908 அக்டோபரில் அது சந்தைக்கு வந்தபோது, வசதி படைத்தவர்களுக்கான பாடிகளும் அதே விலைப்பட்டியலில் இருந்தன. திறந்த டூரிங் கார் 850 டாலர். லாண்டோலெட்டும் கூப்பேயும் தலா 950. டவுன் கார் 1,000. அடியில் எல்லாவற்றுக்கும் ஒரே சேஸிஸ், ஒரே 20 குதிரைத்திறன் எஞ்சின். கூடுதல் பணம் முழுக்க மேலே கட்டிய பாடிக்குத்தான்.

டவுன் காரில் டிரைவரின் தலைக்கு மேல் கூரை உண்டு. பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது. மழை பெய்தால் அவர் நனைவார். அவருக்குப் பின்னால் ஒரு தடுப்பு. அதற்கப்பால் கதவும் கண்ணாடி ஜன்னலும் வைத்து மூடிய பகுதியில் முதலாளி உட்காருவார். லாண்டோலெட்டில் அந்தப் பின்கூரையை மடித்துக்கொள்ளலாம்.

1909 உற்பத்தி ஆண்டில் மொத்தம் 10,660 கார்கள். அதில் டூரிங் 7,728, டவுன் கார் 236, லாண்டோலெட் 298, கூப்பே 47. சொகுசு வகை மூன்றும் சேர்ந்தே 581தான், அதாவது நூற்றுக்கு ஐந்தரை. மறு ஆண்டு லாண்டோலெட் வெறும் 2, அத்தோடு சரி. டி மாடலின் ஒன்றரைக் கோடி கார்களில் ஃபோர்டு கணக்கில் ஏறிய லாண்டோலெட் 300 என்றால், ஐம்பதாயிரத்துக்கு ஒன்று.

டவுன் கார் மட்டும் தாக்குப்பிடித்தது. அதன் விலை போன போக்குதான் இந்தக் கணக்கின் மையம். 1909இல் டூரிங்கைவிட 150 டாலர் கூடுதல், அதாவது 18 சதவீதம். 1913இல் டூரிங் 600, டவுன் கார் 800: மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 1916இல் 440க்கு 640. 1917இல் 360க்கு 595. வித்தியாசம் 235 டாலர், 65 சதவீதம்!

காரணம் ஹைலண்ட் பார்க் ஆலையில் இருக்கிறது. 1913இல் தொடங்கிய நகரும் அசெம்பிளி லைன், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலையை 93 நிமிடமாகக் குறைத்தது. மரச்சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, மெத்தை தைக்கும் வேலைக்கு அந்த வேகம் வரவில்லை. அடிப்பாகம் மலிந்துகொண்டே போக, பாடியின் பங்கு துருத்திக்கொண்டு நின்றது.

எண்ணிக்கையில் டவுன் கார் தேயவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1917இல் 2,328 கட்டினார்கள். 1909ஐப் போலப் பத்து மடங்கு. ஆனால் அதே ஆண்டில் டூரிங் 5,68,128. முன்பு 33 டூரிங்குக்கு ஒரு டவுன் கார். இப்போது 244க்கு ஒன்று.

விலைதான் அதை ஓரங்கட்டியது என்று முடித்துவிட முடியாது. 1917இல் முழுக்க மூடிய செடான் 645 டாலர். டவுன் காரைவிட 50 டாலர் அதிகம். விற்றதோ 7,361, மூன்று மடங்கு. செடானை வாங்கியவர் தானே ஓட்டிப் போனார். டவுன் காருக்கோ சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் அவற்றில் பல டாக்ஸியாக ஓடின. டி மாடல் சொந்தமாக ஓட்டுபவரின் கார். டவுன் காரைப் பட்டியலிலிருந்து வெளியேற்றியது அந்த டிரைவர் இருக்கைதான்.