உப்பு போடும் கை, ருசி பார்க்கும் நாக்கு

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடுகிறோம். அது வெடித்து அடங்குவதற்குள் கை உளுத்தம்பருப்புக்குப் போய்விடுகிறது. அடுத்து மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். இதற்கிடையே வாய் போனில் தங்கையோடு பேசிக்கொண்டிருக்கலாம், மனம் சிலிண்டர் பதிந்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். தாளிப்பு ஒரு குறையும் இல்லாமல் முடிந்துவிடும். யார் தாளித்தது என்று கேட்டால் ‘நான்தான்’ என்போம். ஆனால் அந்த ஒரு நிமிடம் நாம் அடுப்படியில் இல்லை.

நாளின் பெரும்பங்கு இப்படித்தான் ஓடுகிறது. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கல்லூரி மாணவர்களை மணிக்கொரு தடவை ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்கள்: இப்போது என்ன செய்கிறாய், எதை நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று. 2002இல் வெளியான அந்த ஆய்வில், செய்த காரியங்களில் ஏறத்தாழ 43 சதவீதம் அநேகமாக தினமும் ஒரே இடத்தில், பெரும்பாலும் வேறு எதையோ நினைத்தபடி செய்தவை. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு தாளிப்பையும் புதிதாக யோசித்துச் செய்தால் காலை டிபன் மத்தியானத்துக்குத்தான் வரும். கவலைப்பட வேண்டிய இடம் வேறு. கை பழகிய அதே விதத்தில் நாம் மனிதர்களிடமும் பழகத் தொடங்கிவிடுகிறோம். அடுப்படியில் இது நடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டால் மற்ற இடங்களில் கண்டுபிடிப்பது சுலபம்.

புதிதாகச் சமைக்க வந்த பெண் “அம்மா, உப்பு எவ்வளவு?” என்று கேட்கிறாள். “கண்ணளவாப் போடும்மா” என்று பதில் வருகிறது. அவளுக்கோ கண்ணில் இன்னும் அளவு ஏறவில்லை. கொஞ்சம் போடுகிறாள், கரண்டி நுனியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறாள், மறுபடி கொஞ்சம் போடுகிறாள். ஒவ்வொரு அடியிலும் மூளையின் முன்பகுதி விழித்திருக்கிறது. சில மாதங்களில் ருசி பார்ப்பது மூன்று தடவையிலிருந்து ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றுபோகிறது. சமையல் கைக்கு இறங்கிவிட்டது.

அப்படி இறங்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்ற நரம்பியல் ஆய்வாளர் இதை எலிகளிடம் பார்த்தார். ‘டி’ வடிவப் பாதையில் ஒரு ஒலி கேட்டதும் சரியான பக்கம் திரும்பினால் எலிக்குப் பரிசு. பழகும் நாட்களில், மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டம் முழுவதும் துடித்தன. ஓட்டம் பழக்கமான பிறகு அதே அணுக்கள் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பலமாகத் துடித்தன. நடுவில் அடக்கம். நமக்கும் இப்படித்தான் பல சிறு செயல்கள் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிடுகின்றன; கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டதும் பொட்டலம் மொத்தமாக அவிழ்கிறது. பாதி வழியில் நிறுத்துவது கஷ்டமாக இருப்பது இதனால்தான்.

பொட்டலம் கட்டும்போது முதலில் விட்டுப்போவது நாக்கு. ஒரு மாதம் கடையில் கல் உப்பு கிடைக்காமல் தூள் உப்பு வாங்கி வருகிறோம். கல் உப்பில் இடைவெளி அதிகம், தூள் உப்பு நெருங்கி உட்காரும். ஆகவே அதே கரண்டியில் தூள் கூடுதலாகப் பிடிக்கும். கைக்கு அது தெரியாது. பழைய கரண்டி அளவையே போடும், சாம்பார் கரிக்கும். நேற்று சரியாக இருந்தது இன்று சரியா என்று பழக்கம் ஒருபோதும் விசாரிப்பதில்லை.

மிகைப்படுத்தவில்லை. வுட்டும் சகாக்களும் ஒரு திரையரங்கில் சிலருக்கு அப்போது பொரித்த பாப்கார்னையும், சிலருக்கு ஒரு வாரம் பழசானதையும் கொடுத்துப் பார்த்தார்கள். படத்துக்குப் போனால் பாப்கார்ன் என்று பழகியவர்கள் சவசவத்ததையும் புதியதைப் போலவே சாப்பிட்டார்கள். நன்றாக இல்லை என்று அவர்களே சொன்னார்கள், கை மட்டும் நிற்கவில்லை. அதே மாதிரி ஆட்களைக் கூட்ட அறை ஒன்றில் உட்கார வைத்தபோது பழையதை அவ்வளவாகத் தொடவில்லை. அரங்கிலேயே பழக்கமில்லாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோதும் பழையதைச் சாப்பிடுவது குறைந்தது. 2011இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். மனவுறுதி பற்றி யாருக்கும் உபதேசம் செய்யாமல், இடத்தையும் கையையும் மாற்றியதுமே நாக்கு திரும்பி வந்துவிட்டது.

தீர்ப்பு சொல்வதும் இதே பழக்கத்தின் வேலைதான். உள்ளங்கைச் சொட்டை நாக்கில் வைத்ததும் “சாம்பார் நல்லாவே இல்லை” என்று சொல்லலாம். “புளி முன்னால நிக்குது, பருப்பு இன்னும் குழையலை, ஒரு கல் உப்பு போடலாம்” என்றும் சொல்லலாம். முதலாவதைக் கேட்டவருக்கு மேலே என்ன செய்வதென்று தெரியாது. சொன்னவரும் அதோடு ருசிப்பதை நிறுத்திவிடுகிறார். இரண்டாவதில் குறை ஒன்றும் மறைக்கப்படவில்லை, கூடுதலாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் கரண்டி இன்னும் குழம்புக்குள் இருக்கிறது. தீர்ப்பை விடுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று பலர் பயப்படுகிறார்கள். கெட்டுப்போன குழம்பைக் கீழே கொட்டத்தான் வேண்டும். கெட்டுப்போனதா என்று தெரிந்துகொள்ளவே நாக்கு வேண்டும்.

1946இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். முகம் தெரியாத ஒருவரைப் பற்றி இரண்டு குழுக்களுக்கு ஒரே குணப்பட்டியல்: புத்திசாலி, திறமைசாலி, உழைப்பாளி, இப்படி. ஒரு சொல் மட்டும் வேறு. ஒரு பட்டியலில் ‘இதமானவர்’, இன்னொன்றில் ‘இறுகியவர்’. அந்த ஒரு சொல் ஆளையே மாற்றிவிட்டது. முதல் குழு தாராள மனசுக்காரரைப் பார்த்தது, இரண்டாவது குழு அப்படிப் பார்க்கவில்லை. ஒரு சிட்டிகை போதும், பானை முழுவதும் அதன் வாசம்தான்.

வீட்டில் இதைப் பார்க்கலாம். ராத்திரி பத்து மணிக்கு வாசலில் மகன் செருப்பைக் கழற்றும் சத்தம். அப்பாவுக்கு அதுதான் கடுகு வெடிக்கும் சத்தம். “இவன் எப்பவும் இப்படித்தான்” என்று ஆரம்பிக்கிறார். “ஆமாம்ப்பா, நான் அப்படித்தான்” என்கிறான் மகன். அம்மா “சாப்பிட விடுங்களேன்” என்கிறார். அறைக்கதவு சாத்தப்படுகிறது. வரிசை மாறாத தாளிப்பு இது. அன்று அவன் சட்டை நனைந்திருந்ததையும், வண்டிச் சாவி கையில் இல்லாததையும் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ‘வண்டி என்னாச்சுப்பா?’ என்ற கேள்வி வந்திருக்கும்.

இன்னும் கனமான ஒன்று பல வீடுகளின் அடுப்படி மேல்தட்டிலேயே இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் காபி ஊற்ற, தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு டம்ளருக்குக் கை போகும். ‘நீங்கள் சாதி பார்க்கிறீர்களா?’ என்று அந்த வீட்டில் கேட்டால் உண்மையாகவே திடுக்கிடுவார்கள். அவர்கள் எதையும் யோசித்துச் செய்யவில்லை. யோசித்தவர் ஒரு பாட்டியாகவோ பாட்டிக்குப் பாட்டியாகவோ இருக்கலாம். தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டு, கைக்கு இறங்கி, பழக்கமாகிவிட்டது. எழுதியவர் போன பின்னும் டம்ளர் தட்டில் இருக்கிறது. பழக்கமும் தீர்ப்பும் ஒரே அசைவில் சேர்ந்திருப்பதை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது. விழிப்போடு வாழ்வது மன அமைதிக்கான பயிற்சி மட்டும்தான் என்று நான் நம்பாததற்கு இந்த டம்ளரே காரணம். வாங்கிக் குடிக்கும் அக்காவுக்கு அது எப்போதும் தெரிந்தேதான் இருந்தது.

எங்கே கை வைப்பது? பொட்டலத்தின் நடுவில் வைத்துப் பயனில்லை. அவிழும் இடத்தில்தான் வைக்க வேண்டும். அஞ்சறைப்பெட்டியில் கடுகும் சீரகமும் இடம் மாறிவிட்டால் கை ஒரு நொடி தடுமாறி நிற்கும், கண் கீழே பார்க்கும். அந்த நொடியை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். தனி டம்ளரை மற்ற டம்ளர்களோடு கலந்து அடுக்கிவிட்டால் அடுத்த நாள் கை தேடும். மகன் விஷயத்தில் அப்பா, செருப்புச் சத்தம் கேட்டதும் சொல்ல வருவதைச் சொல்லாமல், கண்ணில் பட்ட மூன்றை மனதுக்குள் வரிசைப்படுத்தலாம்: நனைந்த சட்டை, சோர்ந்த நடை, காணாத சாவி. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கு ஆரம்பித்த விழிப்புப் பயிற்சியிலும் இப்படி ஒன்று உண்டு. ஒரே ஒரு உலர்திராட்சையை எடுத்து, பார்த்து, தடவி, முகர்ந்து, பிறகு மெல்ல மென்று தின்பது. பிடிக்கும், பிடிக்காது என்பதற்கு முன்னால் அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வைக்கிறார்கள். படையல் முடியும் வரை ருசி பார்க்காத வீடுகளில் ஆவியின் வாசனையை வைத்தே உப்பு சரியா என்று சொல்லும் பெரியம்மாக்களுக்கு இந்தக் கவனம் ஒன்றும் புதிதல்ல.

பழைய பொட்டலம் அழிந்துவிடாது. கிரேபியலின் குழு 2012இல், எலிகளின் மூளையில் ஒரு சிறு பகுதியை ஒளியால் அடக்கிப் பழக்கத்தை நிறுத்தியது. எலிகள் புதுப் பழக்கம் ஒன்றைக் கற்றன. மறுபடி அதே பகுதியை அடக்கியதும் புதியது போய்ப் பழையது அப்படியே திரும்பி வந்தது. ஆகவே பழைய சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் ‘சே, நான் திருந்தவே மாட்டேன்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அதுவும் ‘சாம்பார் நல்லாவே இல்லை’ ரகம்தான். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், புதுச் செயல் தானாக வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை.

தொடங்கும் நேரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மன அழுத்தம் ஏறினால் மூளை யோசனையை விட்டுப் பழக்கத்தின் பக்கம் சாய்கிறது என்று ஷ்வாபே, வொல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் காலை எட்டு மணி இதற்கு ஆகாது. அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான சாம்பாரிலேயே, உப்பைப் பாதியாகப் போட்டுவிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து ஆரம்பிக்கலாம்.