தில்லானா முடிந்த பிறகு

"ஆடி முடிச்சாச்சே, சந்தோஷம்தானே?" என்று அம்மா கேட்டாள். சந்தோஷம்தான். ஆனாலும் அழுகை வந்தது.

சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி விழா நடக்கிறது. நூற்றெட்டு நடனக் கரணங்களையும் கோபுரக் கல்லில் செதுக்கி வைத்த ஊர். அங்கே எங்கள் குழு தில்லானா ஆடி, மங்களம் முடித்து இறங்கியதும் கை நடுங்கியது, பசியே இல்லை. மேடைக்காக உடம்பு சுரந்த அட்ரினலின் அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அது அடங்க அடங்கத்தான் அரைமண்டியில் நின்ற முழங்கால் வலி தெரிகிறது. சலங்கையை அவிழ்த்தபோதுதான் கணுக்காலில் தோல் உரிந்திருப்பதையே பார்த்தேன்.

சேர்ந்து ஆடுவதற்கும் அந்த அழுகையில் பங்குண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசிலில் 264 இளையோரை ஆடவைத்துச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியது. கூட ஆடியவர்களிடம் நெருக்கமும் கூடியது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஜதியை முடிக்கும் தீர்மானத்தில் எட்டுப் பேரின் பாதமும் ஒன்றாகத் தரையில் விழும்போது எது என் கால் என்றே தெரியாது. அப்படி இருந்துவிட்டு, உடனே ஆளுக்கொரு வண்டியில் ஏறிப் பிரிவது கொடுமை.

மேடையேறும் முன் பதற்றத்தைச் சமாளிக்க எவ்வளவோ சொல்லித் தருகிறார்கள். இறங்கிய பிறகு என்ன செய்வதென்று யாரும் சொல்வதில்லை. ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒப்பனையைக் கலைத்தபின் அரை மணி நேரம் எங்களைச் சேர்ந்து உட்காரவிடுங்கள்.