சேலை கட்டிய மரியாளும் சிற்றூர்ச் சிறு கோயில்களும்

புதுதில்லி: ஈஸ்டர் நெருங்கும்போது தலைநகரின் தேவாலயங்களில் வைக்கப்படும் படங்களில் பெரும்பாலும் பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்களும் கொண்ட இயேசுவே காட்சி தருகிறார். இந்திய ஓவியர்கள் தீட்டிய இயேசுவோ வேறு நிறத்தவர். அவரைத் தேடுவோர் நவீன ஓவியக் காட்சியகங்களுக்கும் ஆசிரமங்களுக்கும் சிற்றூர்ச் சிறு கோயில்களுக்கும்தான் செல்ல வேண்டும்.

வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில் பிறந்த ஜாமினி ராய் (1887-1972) கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் சிலுவைப்பாடு, இறுதி இராவுணவு, எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல் ஆகிய காட்சிகளைப் பலமுறை வரைந்தார். காளிகாட் படங்களின் தடித்த கோடும் விஷ்ணுபுரம் சுடுமண் சிற்பங்களின் சாயலும் அவற்றில் உண்டு. மண், அவுரி, விளக்குக் கரி முதலியவற்றால் ஆன வண்ணங்களையே அவர் விரும்பினார். நீண்ட பெரிய விழிகளுடன் நம்மை நேராக நோக்கும் அந்த இயேசு, கிராமத் திருவிழாவில் வைக்கத்தக்கவர். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்ட ஓவியங்களில் இவருடையனவும் அடங்கும். அவ்வகையில் இந்த இயேசுவும் தேசியச் சொத்தே.

இது புதிய வழக்கமன்று. அக்பரின் அழைப்பை ஏற்று 1580-இல் பதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார்கள் விவிலியத்தையும் ஐரோப்பியப் படங்களையும் கொண்டுவந்தனர். அரசவை ஓவியர்களான கேசு தாசும் பசாவனும் அவற்றைப் பார்த்து வரைந்தனர். ஜஹாங்கீர் காலத்தில் அரண்மனைச் சுவர்களிலேயே இயேசுவும் மரியாளும் இடம்பெற்றனர். பேரரசர்கள் மதம் மாறவில்லை. படங்களை மட்டும் ஏற்றுக்கொண்டனர்.

சிக்கல் கிறிஸ்தவர்களிடமிருந்தே தொடங்கியது என்பதற்கு ஆஞ்சலோ ட ஃபொன்சேகாவின் வாழ்க்கை சான்று. 1902-இல் கோவாவில் பிறந்த அவர் மும்பையின் ஜே.ஜே. கலைப் பள்ளியை விட்டு விலகி, சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடமும் அவனீந்திரநாத் தாகூரிடமும் பயின்றார். 1930-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, சேலை உடுத்திய, கோவா உழைப்பாளிப் பெண்ணின் முகம் கொண்ட மரியாளை வரைந்தார். போர்ச்சுகீசிய ஆட்சியின் கீழ் வாழ்ந்த உயர்குடிக் கத்தோலிக்கர்கள் சினந்தனர். தங்கள் வீட்டுப் பணிப்பெண்ணைப் போன்ற ஒருத்தியின் முன் மண்டியிட அவர்களுக்கு மனம் வரவில்லை. பக்தி மீறப்பட்டதைவிடச் சாதிப் பெருமை புண்பட்டதே இந்தச் சினத்துக்குப் பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

ஃபொன்சேகா கோவாவை விட்டு வெளியேறினார். கத்தோலிக்கரான அவருக்குப் புணேயில் ஆங்கிலிக்கன் சபையினர் நடத்திய கிறிஸ்த பிரேம சேவா சங்க ஆசிரமம் புகலிடம் தந்தது. 1967-இல் இறக்கும்வரை அங்கிருந்தே நூற்றுக்கணக்கான ஓவியங்களைத் தீட்டினார். இந்திய வழிபாட்டில் தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி எடுத்தல் உள்ளிட்ட 12 அம்சங்களுக்கு வத்திக்கான் இசைவளித்தது 1969-இல். ஓவியர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அவருடைய படைப்புகள் பின்னர் அவர் மனைவியால் கோவாவின் போர்வோரிமில் உள்ள சவேரியார் வரலாற்று ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

அதே கோவாவில் பிறந்த எஃப்.என். சூசா வேறு வழியில் சென்றார். லண்டன் டேட் காட்சியகத்தில் உள்ள அவரது 1959-ஆம் ஆண்டுச் சிலுவைப்பாடு ஓவியத்தில் கருணை இல்லை, கோரமே உண்டு. கிருஷண் கன்னாவின் இயேசுவும் சீடர்களும் தில்லி நிஜாமுதீன் தெருக்களில் காணும் கூலியாட்களையும் பக்கிரிகளையும் ஒத்திருக்கிறார்கள்.

கட்டடங்களின் கதையும் இதுவே. கிரேக்க நாட்டுக் குன்றுகளிலும் வயலோரங்களிலும் சுண்ணாம்பு பூசிய சின்னஞ்சிறு கோயில்கள் நிற்பதுபோல், கோவாவிலும் கேரளத்திலும் பாதையோரக் குருசடிகள் நிறைந்துள்ளன. கேரளத்துப் பழைய கற்சிலுவைகள் பல தாமரைப் பீடத்தின்மீது எழுகின்றன. தமிழகத்தில் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம் கோபுரத்துடன் திராவிடப் பாணியில் எழுப்பப்பட்டது. 1921-இல் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனுடன் அவ்வாசிரமத்தைத் தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் ஃபாரெஸ்டர் பேட்டன் கதர் உடுத்தியவர். 1932-இல் சென்னையில் போலீசாரின் தடியடிக்கு ஆளாகி, அது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை எட்டியது. குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனத்திலும் கோபுரம் உண்டு. கலை நோக்கில் இத்தகைய முயற்சிகள் எல்லாமே வெற்றி பெற்றன என்று சொல்ல முடியாது. சில இடங்களில் கோபுரம் ஒட்டவைத்ததுபோல் நிற்கிறது.

எதிர்ப்பு இப்போது திசை மாறியுள்ளது. காவியும் கோபுரமும் மதமாற்றத்துக்கான வேடம் என்று சீதாராம் கோயல் 1988-இல் தனி நூலே எழுதினார். 2013 மே மாதம் ராஞ்சி அருகே, சிவப்புக் கரையிட்ட வெள்ளைச் சேலையுடன், பழங்குடித் தாய்மார்போல் குழந்தையைத் துணியில் கட்டிச் சுமக்கும் மரியாள் சிலை திறக்கப்பட்டது. அந்தச் சேலை தங்களுடையது, சிலையை அகற்ற வேண்டும் என்று கோரி அவ்வாண்டு ஆகஸ்டில் சர்ணா சமயப் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் பேரணி நடத்தினர். கோவாவில் மரியாள் நம் பெண்ணைப்போல் இருக்கிறாள் என்பது குற்றமாயிற்று. ராஞ்சியிலும் அதே குற்றச்சாட்டுதான், குற்றம் சாட்டியவர்கள் மட்டும் வேறு. சர்ணா மக்களின் அச்சத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட இயலாது. தங்கள் சமயத்துக்குத் தனி அடையாளக் குறியீடு கேட்டு நெடுங்காலமாகப் போராடுபவர்கள் அவர்கள். ஆனால் அதே பழங்குடியில் பிறந்து கிறிஸ்தவர்களானோருக்கு அந்தச் சேலை உரியதா, இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது?

இந்தக் கேள்வி படங்களோடு நின்றிருந்தால் கலை விமர்சகர்களிடம் விட்டுவிடலாம். ஒடிசாவின் கந்தமாலில் 2008 ஆகஸ்டில் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட வன்முறையில் இருநூறுக்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்கள் தாக்கப்பட்டன. அவற்றுள் பல, மலைக் கிராமங்களில் ஊரார் தாங்களே கட்டிய எளிய ஜெபக் கூடங்கள். பதிவான 827 வழக்குகளில் முடித்துவைக்கப்பட்ட 315 வழக்குகளை மறு ஆய்வு செய்யுமாறும், கூடுதல் இழப்பீடு வழங்குமாறும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016 ஆகஸ்டில். சம்பவம் நடந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்.