பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

கொடுமுடி வட்டாரத்தில் ஒருவர் வாதம் வந்து படுத்துவிட்டார் என்றால் ஊருக்குத் தெரிய ஒரு பொழுது போதும். மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பங்காளிகள், மாமன் மச்சான்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்று ஆளுக்கொரு பழப்பையோடு வந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மாமனுக்கு இப்பப் பரவால்லீங்களாக்கா?" என்று விசாரிப்பார்கள். அக்கா டீ போட்டுக் கொடுத்தபடியே பதில் சொல்வார். அவர் நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்பவர் அபூர்வம்.

தூங்கியிருக்க வழியில்லை. அசைய முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதலில் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். படுக்கைப் புண் ஒருமுறை ஆழமாகிவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும். சாப்பாட்டை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஊட்டி முடித்த கையோடு படுக்க வைக்கக் கூடாது. வாதம் வந்த பலருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். அவர்களுக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. அது புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தூக்கி உட்கார வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும்.

ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் செய்வதற்குப் படித்துப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் முறை மாற்றி வருகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து இத்தனையும் அறுபது வயதைத் தாண்டிய, தனக்கே முட்டிவலியும் சர்க்கரையும் இருக்கிற ஒரு மனைவியின் தலையில் வந்து விழுகிறது. சொல்லிக் கொடுப்பதோ பல நேரங்களில் கிளம்பும் அவசரத்தில் பத்து நிமிடம்.

கொங்கு நாட்டில் இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது. ஊருக்குள் வீடு இருந்தாலும் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருப்பவர்கள் இங்கே ஏராளம். சுற்றிலும் மஞ்சளும் கரும்பும் தென்னையுமாக இருக்கும், கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்காது. பிள்ளைகள் திருப்பூரிலோ பெங்களூரிலோ அதற்கும் அப்பாலோ வேலையில் இருப்பார்கள். வீட்டுக்காரர் படுத்துவிட்டார் என்பதற்காக மாடு கறவையை நிறுத்திக்கொள்வதில்லை. விடியற்காலையும் சாயங்காலமும் கறந்தாக வேண்டும், சொசைட்டிக்குப் பால் போயாக வேண்டும். மோட்டார் போட, மடை மாற்ற, கூலியாளுக்குக் காசு கொடுக்க, எல்லாமே அந்த ஒரே ஆள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வரும் வாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சாளையில் தனியாக இருப்பவர்களுக்கு அந்த நேரம் எத்தனை சீக்கிரம் கரையும் என்று சொல்லத் தேவையில்லை. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, மகன் வரட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

பார்த்துக்கொள்பவரின் உழைப்பு பேசப்படாமல் போவதற்கு, பக்கத்து ஈரோட்டில் பிறந்த பெரியாரின் வாழ்க்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1943-இல் அவருடைய உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ள வந்தவர் மணியம்மை. 1949 ஜூலையில் நடந்த அவர்களது திருமணம் ஓர் இயக்கத்தையே இரண்டாக்கியது, அதைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்குக் குறைவில்லை. அதற்கு முன்னும் பின்னுமாக முப்பது ஆண்டுகள் அவர் செய்த வேலைதான் அதிகம் பேசப்படாதது. எதைச் சாப்பிடலாம், எந்த வேளைக்கு எந்த மருந்து, எப்போது ஓய்வு என்று எல்லாவற்றையும் அவரே பார்த்தார். கடைசி ஆண்டுகளில் பெரியார் சிறுநீர்க் குழாயைப் பொருத்திக்கொண்டே ஊர் ஊராகக் கூட்டம் பேசினார். அந்த நிலையில் ஒருவரை வேனில் ஏற்றி இறக்கி, புண்ணும் கிருமித் தொற்றும் அண்டாமல் காப்பது எளிய காரியமில்லை. 1973 டிசம்பரில், 94 வயதில் பெரியார் மறைந்தார். தன் ஆயுள் நீண்டதற்கு மணியம்மையின் கவனிப்பே காரணம் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நம்மூர் ஆண்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம்?

கொடுமுடியின் மகள் கே.பி. சுந்தராம்பாளையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1933 டிசம்பரில் அவருடைய கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா நோயில் இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அதன்பின் 1980-இல் தன் மறைவு வரை அவர் உடுத்திய வெள்ளைச் சேலையை எல்லோரும் சொல்வார்கள். கணவர் நலிந்துகொண்டிருந்த காலத்தில் அந்த இளம்பெண் பட்ட பாடு யார் பேச்சிலும் வருவதில்லை.

இந்தப் பாடு உடம்பைத் தின்னும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷூல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் 66 முதல் 96 வயது வரையிலான தம்பதிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். துணையைப் பார்த்துக்கொள்வதில் மனமும் உடலும் நொந்துபோனவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் அபாயம், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டும் நொந்துபோகாமல் இருந்தவர்களிடம் இந்தக் கூடுதல் அபாயம் தென்படவில்லை. பணிவிடை ஆளைக் கொல்வதில்லை, மாற்று ஆள் இல்லாத பணிவிடைதான் கொல்கிறது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

மனைவி படுத்துவிட்டால்? பெரும்பாலும் மகளுக்கோ மருமகளுக்கோ போன் போகும். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதத்தினர். ஈடுபடுகிறவர்களிலும் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது சுமார் 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம். அதுவரை அடுப்படிப் பக்கமே போகாத பெரியவர்கள் மனைவிக்கு ரசம் வைக்கவும் தலை வாரிவிடவும் கற்றுக்கொள்வதும் உண்டு. ஆண்பிள்ளைக்கு அந்த வேலை வராது என்பது வெறும் சாக்கு.

வீட்டுக்குள் நடக்கும் இந்த வேலையை அரசுகளே வேலையாக எண்ணவில்லை. நோயாளியைப் பார்ப்பதற்காக வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு பிரிட்டனில் 1976-இல் உதவித்தொகை வந்தபோது, கணவரோடு வாழும் பெண்களுக்கு அது கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது கணக்கு. தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற பெண் வழக்காடி, 1986-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த அநீதி நீங்கியது. கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' திட்டம் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கே மாதம் 600 ரூபாய் என்று வகுத்திருக்கிறது. தொகை சிறிதுதான். ஆனாலும் பார்த்துக்கொள்பவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறுகிறது.

தமிழ்நாட்டுக்கு வலுவான அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு நோய் ஆதரவுச் செவிலியரையும் பிசியோதெரபிஸ்டையும் வாசலுக்கே அனுப்புகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் பைகளும் அதில் உண்டு. கட்டிலில் இருப்பவரைப் பார்த்து முடித்த பிறகு அந்தப் பிரஷர் பட்டையை அவருடைய துணையின் கையிலும் கட்டிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். ராத்திரி தூக்கம் உண்டா, இடுப்பு வலிக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு முறையும் கேட்டு அட்டையில் எழுத வேண்டும் என்பதை விதியாகவே ஆக்கலாம்.

மீதி வேலை உறவுக்காரர்களுடையது. கல்யாணம் என்றால் பந்தல்கால் நடுவதிலிருந்து சீர் முடியும் வரை ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. வாதத்துக்கும் அதே மாதிரி முறை போட்டுக்கொள்ள முடியும். சனிக்கிழமை ராத்திரி வந்து சேரும் மகன் அப்பாவின் அறையிலேயே பாயை விரித்து, அம்மாவை வேறு அறையில் படுக்கச் சொல்லலாம். பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில் மகனும் மருமகளும் பக்கத்தில் நின்று, எப்படிப் புரட்டுவது, எப்படி உட்கார வைப்பது என்று கையால் செய்து பழகிக்கொள்ளலாம். அப்போதுதான் பல மாதமாகத் தள்ளிப்போட்ட தன் முட்டிவலியைக் காட்ட அந்த அம்மாவால் ஒரு நாள் ஈரோடு போய்வர முடியும்.