மூட்டு மடங்கும் அளவும் நீச்சல் போட்டியின் நியாயமும்



பள்ளி ஓட்டப் பந்தயத்தில் எட்டு வயதுப் பிள்ளையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் நாம் ஒன்றாக ஓட விடுவதில்லை. வயது பார்த்துப் பிரிக்கிறோம். உடற்குறை உடையோரின் நீச்சல் போட்டியில் வயது மட்டும் போதாது. ஒரு முழங்கை மட்டும் மடங்காதவரையும் இரு கால்களும் அசையாதவரையும் சேர்த்து நீந்தவிட்டால், முடிவு முன்பே தெரிந்துவிடும்.

முற்காலத்தில் நோயை வைத்தே பிரித்தார்கள். 1965 போரில் குண்டடிபட்ட இந்திய வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டர் நீந்தித் தங்கம் வென்றார். அக்காலத்தில் முதுகுத்தண்டு எந்த இடத்தில் பழுதுபட்டது என்பது முக்கியமான அளவுகோல். ஆனால் ஒரே நோய் கண்ட இருவருக்குக் குறையும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆகவே 1992 பார்சிலோனா போட்டியில், உடல் எவ்வளவு இயங்குகிறது என்று பார்த்து நீச்சல் வீரர்களைப் பிரித்தார்கள்.

மூட்டை எப்படி அளப்பது? பிள்ளைகளின் கணிதப் பெட்டியில் கோணமானி இருக்கிறதல்லவா? அதில் நீண்ட இரு சட்டங்கள் பொருத்தியது போன்ற கருவி அது. கையைத் தலைக்கு நேர் மேலே தூக்கினால் தோள் ஏறக்குறைய 180 பாகை திரும்புகிறது. செம்பனைக் குலை அறுப்பவருக்குத் தோளின் அருமை தெரியும். தோள் 120 பாகையில் நின்றுவிட்டால், நீந்துபவர் கையை முன்னே நன்றாக நீட்ட முடியாது. கணுக்கால் விறைத்திருந்தால், பாதம் துடுப்பாக உதவாமல் தண்ணீரைத் தடுக்கும்.

நீந்துபவர் தாமே அசைப்பதோடு, பரிசோதகரும் மெல்ல மடக்கிப் பார்ப்பார். பல ஆண்டுகள் வழங்கிய முறையில் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. தசை வலுவையும் இவ்வாறே சோதிப்பார்கள். கைகளுக்கு 130, கால்களுக்கு 100, நடு உடலுக்கு 50, பாய்வதற்கும் திரும்புவதற்கும் 20, ஆக 300. 40 முதல் 65 புள்ளி வரை எஸ்1 வகுப்பு. 266 முதல் 285 வரை எஸ்10. பின்னர் தண்ணீரிலும் நீந்தச் சொல்லிப் பார்ப்பார்கள்.

இத்தனை சிரமம் எதற்கு? நன்றாக நீந்துகிறார் என்பதற்காக ஒருவரை மேல் வகுப்புக்குத் தள்ளினால், அவருடைய உழைப்புக்கு அது தண்டனையாகும். குறையைக் கூட்டிக் காட்டியவர் பதக்கம் பெற்றால், நேர்மையானவருக்குத் தண்டனை. அளக்க வேண்டியது குறையைத்தான், பயிற்சியால் வந்த திறமையை அல்ல.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் மடங்காத கையைச் சட்டைக்குள் மறைக்காதீர்கள். வீட்டில் வலுக்கட்டாயமாக மடக்கவும் வேண்டாம். சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனையில் அளந்து எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் அளந்தால், மூட்டு இறுகுகிறதா, இளகுகிறதா என்பது தெரிந்துவிடும். பிள்ளை நீந்த விரும்பினால், சோதனையின்போது உள்ளதை உள்ளபடி காட்டச் சொல்லுங்கள்.